கடைசிக் காட்சியை மாற்றக் கேட்டவர்

செய்தி வந்தபோது நான் பெங்களூர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. எடுக்கக் கை இல்லை. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தபோது பைகளைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன். செசிலி அக்கா, ஞானராஜ் சாரின் அக்கா. "வசந்தா, ராஜு போயிட்டாம்மா. காபி போட்டுக்கினு போய் எழுப்புனேன், எந்திரிக்கல" என்றார். குரலில் அழுகை இல்லை. "நீ எங்க இருக்க, ஒரே சத்தமா இருக்கே?" என்று வேறு கேட்டார். பஸ் ஸ்டாண்டில் என்றேன். "மெதுவா வா. ஓடி வராத. இனிமே அவன் எங்க போகப்போறான்" என்றார். அவர் அப்படிச் சொன்னதும் நான் அத்தனை பேர் நடுவிலும் ஓவென்று அழுதுவிட்டேன். பக்கத்தில் பூ விற்கிற அம்மா, "ஏனாயித்தும்மா, என்னாச்சு? சொந்தக்காரங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். ஞானராஜ் சாருக்கும் எனக்கும் ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது.

எங்கள் திரைப்படச் சங்கத்துக்காரர்களுக்கு ஞானராஜ் சாரை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காக்ஸ் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில் ஓடிய படங்களைக் கன்னடத்தில் திரும்ப எடுக்கிற கம்பெனிகளில் ஆயுள் முழுக்க இணை இயக்குநராக இருந்தவர். தனக்கென்று ஒரே ஒரு தமிழ்ப் படம் எடுத்தார். சங்கத்தில் அந்தப் படத்தை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எங்களுக்கு அது 'நம்ம படம்'. சென்ற வருடம் அதை மறுபடி எடுக்க ஒரு புது இயக்குநர் கேட்டு வந்தபோது அவர் சரி என்றார், சங்கம் கூடாது என்றது. கூடாது என்றவர்களில் என் குரல்தான் பெரிது. செயலாளர் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? அந்தச் சண்டையில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். மீதி அவர் வீட்டில் நடந்தது. அதைச் சொல்லாமல் அவர் படத்துக்கு மாலை போட எனக்கு மனமில்லை.

அவரை முதன்முதலில் பார்த்தது ஒரு கூட்டத்தில். சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் மாதம் ஒரு பழைய படம் போடத் தொடங்கியிருந்த புதிது. படம் முடிந்ததும் நான் மைக்கைப் பிடித்தேன். என் கையில் மைக் கிடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நல்ல பழைய படங்களைத் திரும்ப எடுக்கிறவர்களைப் பிடி பிடி என்று பிடித்தேன். "கோயில்ல இருக்கிற கல்சிலைக்கு ஆயில் பெயிண்ட் அடிக்கறவங்களுக்கும் இவங்களுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டு, கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினேன். கடைசி வரிசையிலிருந்து நெடுநெடுவென்று ஒருவர் எழுந்தார். "நான்தாம்மா அந்தப் பெயிண்டர்" என்றார். ஹாலே சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வெளியே டீ குடிக்கும்போது அவராகவே பக்கத்தில் வந்தார். "நல்லாத்தான் திட்டுனீங்க. ஆனா ஸ்வல்ப அவசரப்பட்டுட்டீங்க. ரீமேக்ல நடக்கற கூத்தெல்லாம் தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லாத் திட்டியிருக்கலாம்" என்றார். அடுத்த மாதமே உறுப்பினராகச் சேர்ந்தார். அன்றிலிருந்து அவருக்கு நான் 'செக்ரட்டரியம்மா'. கோபம் வந்தாலும் அதேதான்.

அந்தக் கூத்துகளை அவர் வாயால் கேட்கவேண்டும். அந்தக் காலத்து ரீமேக் படப்பிடிப்பில் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு டிவி பெட்டி இருக்குமாம். அதில் தமிழ்ப் படத்தின் கேசட் ஓடும். ஒரு ஷாட்டைப் போட்டுப் பார்ப்பார்கள், நிறுத்துவார்கள், அப்படியே எடுப்பார்கள். தமிழ் வசனத்துக்குக் கன்னடத்தில் அர்த்தம் சொல்வது இவர் வேலை. ஒரு படத்தில் கதாநாயகனின் அம்மாவுக்கு வலது கையில் பெரிய கட்டு. கதையில் அதற்கு ஒரு காரணமும் கிடையாது. தமிழில் நடித்தவர் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டு, கட்டோடு வந்து நடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கன்னடத்தில் எடுக்கும்போது இயக்குநர் மேக்கப்காரரைக் கூப்பிட்டு அம்மாவுக்குக் கட்டுப் போடச் சொன்னாராம். "எதுக்கு சார் கட்டு? அடிபடற சீனே இல்லையே" என்று இவர் கேட்டிருக்கிறார். இயக்குநர் டிவியைக் காட்டி, "ஒரிஜினல்லி இதெயல்லா!" என்றாராம். ஒரிஜினலில் இருக்கிறதே, அப்புறம் என்ன கேள்வி? அந்தக் கன்னடப் படம் நன்றாக ஓடியது. அதைப் பார்த்து இன்னொரு மொழிக்காரர்கள் எடுத்தார்கள். "அங்கயும் அந்தம்மா கையில கட்டு இருக்கு செக்ரட்டரியம்மா! ஒரு பாத்ரூம்ல வழுக்குனதுக்கு மூணு மொழியில கட்டு!" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார் பாருங்கள், அவருக்கு இருமல் வந்துவிடும், எங்களுக்கு வயிறு வலிக்கும்.

அதற்கப்புறம் சங்கத்தில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. படத்துக்கு முன்னால் வரவேற்புரை, வரவேற்புரை ஆற்றுகிறவரை வரவேற்க இன்னொரு உரை, எல்லாருக்கும் தெரிந்த தலைவரைப் பற்றி ஓர் அறிமுகம். புதிதாக வந்த யாராவது இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் ஞானராஜ் சார் முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் "ஒரிஜினல்ல இருக்குப்பா, விடு" என்பார். என் நீண்ட நன்றியுரைகளுக்கும் அதே பதில்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதைப் பார்க்கத்தான் அவர் சொல்வதே.

எல்லாரையும் கேலி பேசுகிற இந்த மனுஷன், தன் படத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் மட்டும் நாற்காலியை அடுக்கப் போய்விடுவார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டோம். அந்தப் படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சட்டை தைக்கிற தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் அக்கா. அப்பா அம்மா இல்லாத தம்பியை வளர்க்கிறாள். வருகிற வரன்களை எல்லாம் அவனுக்காகத் தள்ளிப்போடுகிறாள். அவன் படித்து, வெளியூர் போய், அவளை மறந்துவிடுகிறான். ரொம்ப வருஷம் கழித்து மனம் திருந்தி ஓடி வந்து கதவைத் தள்ளினால், அக்கா தையல் மிஷின் மேலேயே தலை சாய்ந்து செத்துக்கிடக்கிறாள். மிஷினில் அவனுக்காகத் தைத்துக்கொண்டிருந்த சட்டை. தம்பி அந்தச் சட்டையைக் கட்டிக்கொண்டு அழுவதோடு படம் முடிகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் ஹாலில் மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் கேட்கும். எங்கள் தலைவர் பாலு சார் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரையே அதட்டுகிறவர். அவர் அந்தக் காட்சிக்கென்றே ஒரு கைக்குட்டை தனியாகக் கொண்டுவருவார்.

அது செசிலி அக்காவின் கதை என்பது எல்லாருக்கும் தெரியும். கார்மென்ட்ஸில் மிஷின் மிதித்து ஞானராஜ் சாரைப் படிக்கவைத்தவர் அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் வருஷத்துக்கு ஒரு முறை 'நம்ம படம்' போடும்போதெல்லாம், படம் முடிந்த கையோடு அவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவது எங்கள் வழக்கம். திரையில் அவர் செத்து, கண்ணீர் காய்வதற்குள் மேடையில் அவருக்குச் சால்வை! வரிசையாக வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க சாகற சீன் இருக்கே, அதுக்கு ஈடே கிடையாதுக்கா" என்று சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். அவரும் சிரித்துக்கொண்டே, "தேங்க்ஸ்பா, போண்டா ஆறிடும், எடுத்துக்கோ" என்பார். பெங்களூரில் இதைவிடப் பெரிய கூத்து எந்த ரீமேக் கம்பெனியிலும் நடந்திருக்காது.

சென்ற வருடம் நித்யா வந்தாள். கோயம்புத்தூர்ப் பெண். ஐ.டி. வேலைக்காக இங்கே வந்து, அதை விட்டுவிட்டு சினிமாவுக்குப் போனவள். மரியாதை தெரிந்தவள். படத்தை முழுக்க மனப்பாடமாக வைத்திருந்தாள். தயாரித்தவரும் ஞானராஜ் சாரே என்பதால் உரிமை அவரிடம்தான் இருந்தது. மறுபடி எடுக்க அனுமதி கேட்டாள். கேள்விப்பட்ட அன்றே நான் அவசரக் கூட்டம் போட்டேன். சங்கத்தின் பெயரால் ஒரு கண்டனத் தீர்மானமும் எழுதி எடுத்துப்போனேன். சாருக்கு உடம்பு சரியில்லை, நுரையீரலில் கோளாறு, அந்தப் பலவீனத்தில்தான் தலையாட்டியிருக்கிறார் என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம்.

அவர் கூட்டத்துக்கு வந்தார். மூச்சு வாங்கியது. நான் தீர்மானத்தைப் படித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "பழைய படத்த யாரும் கொளுத்தலியே. அது பாட்டுக்கு இருக்கப்போகுது. நான் கேக்கறது இன்னொரு படம்" என்றார். "அப்படியே எடுக்கறதுக்கு இன்னொரு படம் எதுக்கு சார்?" என்று கேட்டேன். "அப்படியே இல்ல. ஒரு சீன மாத்தணும்." எந்த சீன் என்று பாலு சார் கேட்டார். "கடைசி சீன். அக்கா சாகக் கூடாது" என்றார்.

அப்புறம் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. உயிரையே உருவி எடுக்கிற மாதிரி என்றார் ஒருவர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சோகமே பிடிக்காது, அதற்கு இவரும் உடந்தையா என்றார் இன்னொருவர். பாலு சார் மட்டும் கத்தவில்லை. எழுந்து நின்றார். "ஞானராஜ், என்னை வளர்த்ததும் எங்க அக்காதான். நான் டிரான்ஸ்ஃபர்ல வடக்க இருந்தப்ப போயிட்டாங்க. எனக்கு முகம் பாக்கக் குடுத்து வைக்கல. உங்க படத்துலதான் நான் எங்க அக்காவுக்கு அழுதேன். அதை மாத்திட்டா நான் எங்க போய் அழறது?" என்றார். ஹால் அடங்கிவிட்டது. ஞானராஜ் சார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தீர்மானம் நிறைவேறியது.

நானா விடுவேன்? மறுநாள் காலையிலேயே அவர் வீட்டுக்குப் போய்விட்டேன், தனியாகச் சண்டை போட. அவரைக்காய் சீசன். செசிலி அக்கா தரையில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கித் தோலெடுத்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து ஒரு கை அள்ளிக்கொண்டேன். கை வேலை செய்துகொண்டிருந்தால் எனக்கு வாய் இன்னும் நன்றாக ஓடும். "ஒரே ஒரு கேள்வி சார். அந்தக் கடைசி சீன எடுத்துட்டா நம்ம படத்துல என்ன மிச்சம் இருக்கும்?" என்றேன்.

"எங்க அக்கா மிச்சம் இருக்கும்" என்றார் அவர், நாற்காலியில் சாய்ந்தபடி.

"அந்த சீன்லதான் சார் ஜனங்க அக்காவப் புரிஞ்சுக்கறாங்க!"

செசிலி அக்கா தலையை நிமிர்த்தினார். "ஏன் வசந்தா, நீ இந்தப் படத்த எத்தன வாட்டி பாத்திருப்ப?"

"கணக்கே இல்லக்கா."

"நான் ஒரே வாட்டிதான் பாத்தேன். ரிலீஸ் அன்னிக்கு. சிவாஜிநகர் தியேட்டர்ல, ஃபேக்டரி பொண்ணுங்களோட. நீங்க வருஷா வருஷம் போடறப்பல்லாம் நான் பின்னாடி போண்டா போட்டுக்கினு இருப்பேன், பாத்திருக்கியே."

பார்த்திருக்கிறேன். விருந்தாளிகளுக்காக என்று நினைத்தேன்.

"படம் முடிஞ்சு லைட்டப் போட்டாங்க. எல்லாரும் அழுதுக்கினே என்னப் பாக்கறாங்க. நான் உயிரோட ஒக்காந்திருக்கேன், என் கையில பாப்கார்ன் இருக்கு. ஒருத்தி வந்து என் காலத் தொட்டுக் கும்பிடறா. முந்தின நாள்தான் அவகூட தண்ணிக் குழாய்ல சண்ட போட்டேன்!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஞானராஜ் சார் சிரிக்கவில்லை.

"பேக்கரிக்காரர் கதையச் சொல்லுக்கா" என்றார்.

"சும்னே இருடா. அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

செசிலி அக்கா இன்னும் ஒரு கை அவரைக்கொட்டையை அள்ளிக்கொண்டார். பிறகு சொன்னார். பிரேசர் டவுனில் பேக்கரி வைத்திருந்த ஒருவர், மனைவியை இழந்தவர், அந்த நாட்களில் வீட்டுக்கு வந்துபோவாராம். வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் பிஸ்கட். அக்காவுக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. "எனக்கும் புடிச்சுதான் இருந்துது. ஃபாதர்கிட்ட பேசறேன்னு சொல்லிக்கினு இருந்தாரு. அதுக்குள்ள படம் வந்துச்சு. படம் பாத்துட்டு மறுநாள் வந்தாரு. உள்ள வாங்கன்னேன். வரல. வாசல்லயே நின்னாரு. 'உங்களப் பாத்தா மெழுகுவத்தி ஏத்தணும் போல இருக்கு சிஸ்டர்'னாரு. நேத்து வரைக்கும் செசிலி செசிலின்னு கூப்பிட்ட மனுஷன்! அப்புறம் வரவேயில்ல." இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அன்னிக்கு இவன்கிட்ட வந்து கேட்டேன். 'என்ன ஏன்டா சாகடிச்ச?'ன்னு. இவன் என்ன சொன்னான் தெரியுமா? 'அக்கா, அங்கதான் கைதட்டலே'ன்னான்."

"சொன்னேன்" என்றார் ஞானராஜ் சார். மூச்சு விட்டு விட்டுப் பேசினார். "அப்ப எனக்குப் பெருமை செக்ரட்டரியம்மா. எங்க அக்கா தியாகின்னு ஊருக்கே சொல்லிட்டேன்னு. ஒருத்தர தியாகின்னு சொல்லிட்டா, அப்புறம் அவங்களுக்கு என்ன வேணும்னு கேக்க வேண்டியதில்ல பாருங்க. நானும் கேக்கல. அக்காவ சாகடிச்சிட்டா தம்பி மன்னிப்புக் கேக்க வேணாம், அழுதாப் போதும். அதுக்காகத்தான் அப்படி எழுதுனேன்னு எனக்கே ரொம்ப நாள் தெரியல. ஆயுசு முழுக்க அடுத்தவன் படத்த அப்படியே எடுத்தவன் நான். என் படத்த மட்டும் அப்படியே எடுக்க விட மாட்டேன்."

நான் பேசாமல் இருந்தேன் என்று சொன்னால் உங்களில் பாதிப் பேர் நம்பமாட்டீர்கள். தீர்மான நகல் என் பையில் இருந்தது. அதை வெளியே எடுக்காமலே, பருப்பை முழுக்கப் பிதுக்கிக் கொடுத்துவிட்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

புதுக் கடைசிக் காட்சியை எழுத நித்யா வந்த அன்று எனக்கு அழைப்பில்லை. இருந்தாலும் போனேன். தம்பி திரும்பி வருகிறான், அக்கா உயிரோடு இருக்கிறாள், பிறகு என்ன? நித்யா இரண்டு மூன்று விதமாக எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஒன்றில் அக்கா மன்னிக்கிறாள். ஒன்றில் கதவைச் சாத்துகிறாள். ஞானராஜ் சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்காவையே கேளும்மா" என்றார். நித்யா கேட்டாள். செசிலி அக்காவுக்கு யோசிக்கக்கூட நேரம் தேவைப்படவில்லை.

"அவன் வரப்போ வீடு பூட்டியிருக்கட்டும். அவ மாடி வீட்டுல கேரம் ஆடிக்கினு இருக்கட்டும்."

"கேரமா?" என்று நானும் நித்யாவும் ஒன்றாகக் கேட்டோம்.

"ஃபேக்டரில சாப்பாட்டு நேரத்துல ஆடுவோம். என்ன ஜெயிக்க அங்க ஆளே கிடையாது. ஏன்டா ராஜு, உன் படத்துல அது எங்க இருக்கு?"

"எனக்கே இப்பதான்க்கா தெரியுது" என்றார் அவர். முகம் சுருங்கிவிட்டது. "நீ வேலைக்குப் போறதும் வர்றதும்தான் எனக்குத் தெரியும்."

"சரி விடு. இவன் மேல ஏறி வந்து, அழுதுக்கினே வாசல்ல நிக்கறான். அவ நிமிந்து பாக்கறா. 'இரு, இந்த ரெட் காயப் போட்டுட்டு வரேன்'னு சொல்லிட்டு ஆட்டத்தப் பாக்கறா. அவ்ளோதான்."

ஞானராஜ் சாருக்குள் இருந்த இணை இயக்குநர் விழித்துக்கொண்டார். "அக்கா, க்ளைமாக்ஸ்ல ஒருத்தன் கதறிக்கினு நிக்கறான். அவ காய் அடிச்சுக்கினு இருந்தா ஆடியன்ஸ் ஒத்துக்க மாட்டான்."

"ஆடியன்ஸா வந்து எனக்கு மிஷின் மிதிச்சான்? அவன் அத்தன வருஷம் கழிச்சு வரான். இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டுமே. கால் ஒடிஞ்சா பூடும்?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்தது, நித்யா தண்ணீர் கொண்டுவர ஓடினாள், அவர் கையை ஆட்டிக்கொண்டே சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவளிடம் சொன்னார்: "இது அக்காவோட சீன். நாளைக்கு நானே வந்து மாத்துன்னு சொன்னாலும் மாத்தாதம்மா." அன்றைக்கே அனுமதியில் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அதற்குள் நித்யா, எல்லாம் முடிவானதும் முறையாக வக்கீலோடு வருகிறேன் சார் என்றாள். சரி என்றோம். யாருக்குத் தோன்றியது, அவருக்கு நேரம் இவ்வளவு குறைவென்று?

அவர் கையெழுத்துப் போடாமலே போய்விட்டார். உரிமை செசிலி அக்காவுக்கு வந்தது.

அடக்கத்துக்கு நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். மூன்றாம் நாள் ஜெபம் முடிந்து கூட்டம் கலைந்தபிறகு நடந்தது உங்களில் சிலருக்குத்தான் தெரியும். பாலு சாரும் இன்னும் சிலரும் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். பாலு சார் செசிலி அக்காவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ரொம்பத் தணிந்த குரலில் பேசினார். அவர் கெட்டவர் இல்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அக்கா, ஞானராஜ் விட்டுட்டுப் போனது அந்த ஒரு படம்தான். அது அப்படியே இருக்கணும். அந்தப் பொண்ணுகிட்ட வேணாம்னு சொல்லிடுங்க. தம்பிக்காக நீங்க எவ்வளவோ தியாகம் பண்ணியிருக்கீங்க. இது ஒண்ணு."

கையில் டம்ளரோடு நான் வாசலில் வந்து நின்றேன். வாயைத் திறக்கப் போனேன். செசிலி அக்கா என் பக்கம் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினார். எண்பதைத் தொடுகிற அந்த மனுஷி, யார் எதைக் கேட்டாலும் சரிப்பா என்றே சொல்லிப் பழகியவர், நாங்கள் போர்த்திய சால்வைகளை எல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்தவர், பாலு சாரின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"முடியாது பாலு" என்றார். "உங்க அக்காவ நெனச்சு அழணும்னா பழைய படம் இருக்கு. அத யாரும் தூக்கிக்கினு போகல. வருஷா வருஷம் போடுங்க, அழுங்க, நானும் வேணும்னா பக்கத்துல ஒக்காந்துக்கறேன். ஆனா இன்னொரு வாட்டி என்ன சாகடிக்க விட மாட்டேன். நான் இருக்கேன்ல?"

பாலு சார் அவர் கையை விடவில்லை. "இருக்கீங்கக்கா" என்றார். அடுத்த வாரம் அனுமதிப் பத்திரத்தில் செசிலி அக்கா கையெழுத்துப் போட்டபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் பாலு சார்தான்.

மற்ற ரீமேக்குகளை நான் இன்றும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், அதில் ஒரு மாற்றமும் இல்லை. ஞானராஜ் சாரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது ஒன்றுதான். ஓடாத படத்தைத் தப்பு என்று எடுத்தவரே சொல்வதில் பெரிய விஷயம் இல்லை. ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டுகிற படத்தை, அந்தக் கைதட்டலுக்கு நடுவில் எழுந்து, நான் எடுத்தது தப்பு, என் அக்காவுக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவில்லை என்று சொன்னாரே, அந்த மனசு. அது எனக்கு வேண்டும். என் வயதில் எனக்கு அதற்கு வேலை நிறைய இருக்கிறது.

சார், நீங்கள் கேட்டது நடக்கிறது. உங்கள் அக்கா உயிரோடு இருக்கிறார். இனிமேல் திரையிலும் இருப்பார்.